தண்ணீர் பார்க்கும் கால்

நவநீதனின் இடது காலுக்குத் தண்ணீர் தெரியும் என்று காரிமங்கலம் வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய பேச்சை அடக்க அவரால் முடியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இத்தனைக்கும் அது அவர் பிறக்கும்போது கொண்டுவந்த கால்கூட இல்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் தொடைக்குக் கீழே மாட்டிவிட்ட கால். பிளாஸ்டிக், இரும்பு, முழங்கால் மடங்க ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். சதையும் ரத்தமுமாக இருக்கிற காலுக்கே தெரியாத நீரோட்டம் இதற்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நவநீதன் ராணுவத்தில் பொறியாளர் பிரிவில் இருந்தவர். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி தேடி எடுப்பதும் அவர்கள் வேலை. எல்லையோர மலைச்சரிவு ஒன்றில் அவர் தேடி முடித்து, பத்திரம் என்று கொடி நட்ட பாதையில், இரவு பெய்த மழை ஒரு பழைய கண்ணியை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டது. காலையில் அந்தப் பாதையில் முதலில் நடந்தவரும் அவர்தான். வேறு யாரும் நடக்கவில்லையே என்பதுதான் இன்றுவரை அவருக்கு ஆறுதல்.

ஊர் திரும்பியபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. ஊர் அவருக்காக ஒரு ஸ்டூலைத் தயாராக வைத்திருந்தது. ஏதாவது வங்கி வாசலில் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கு சல்யூட் வைக்கலாம். கால் போனவனுக்கு உட்காருகிற வேலைதான் சரி என்று சொந்தபந்தம் எல்லாம் கூடித் தீர்மானித்திருந்தார்கள். அவரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்லது செய்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

அந்த நேரத்தில் அவர் வீட்டு போர்வெல்லில் மோட்டார் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் கேமரா கொண்டுவந்தார். கை நீளத்துக்கு ஒரு குழாய், அதன் முனையில் கண்ணாடியும் சுற்றிலும் விளக்கும். அதை ஒயரில் கட்டி உள்ளே இறக்கினால் மேலே ஒரு சின்னத் திரையில் பூமியின் உள்பக்கம் தெரியும். மற்றவர்கள் மோட்டாரைத் தேடினார்கள். நவநீதன் மோட்டாரை மறந்தே போனார். சிவப்பு மண் முடிந்து பாறை தொடங்குகிற இடம், ரோஸ் நிறத்தில் ஒரு பாறை, அதன் கீழே கறுப்பு, கறுப்பின் நடுவே வெள்ளைக்கல் ஒன்று கோணல்மாணலாக ஓடுவது, எல்லாவற்றையும் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த மனிதர் அவர். அறுநூறு அடி ஆழம் பளிச்சென்று தெரிந்தால் வேறு என்ன ஆவார்?

"வாணி, இங்க வந்து பாரேன். நம்ம நெலத்துக்குள்ள இவ்ளோ இருந்திருக்குது" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"மோட்டாரு எங்கன்னு பாருங்க மொதல்ல" என்றாள் கோகிலவாணி.

ராணுவம் காலுக்குக் கொடுத்த பணத்தில் அவர் கேமரா வாங்கப் போகிறேன் என்றபோது, அவள் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். ஒயர் சுற்றுகிற டிரம்மை அவள்தான் இயக்குவாள். "நீங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டே நிப்பீங்க, கேமராவும் ஒயரும் உள்ள போயிரும்" என்றாள். ஒரு சரக்கு ஆட்டோ வாங்கினார்கள். ஆட்டோவில் பிரேக் வலது காலுக்கு, கிளட்ச் இடது கைக்கு. இடது காலுக்கு அங்கே வேலையே இல்லை என்பதைக் கண்டுபிடித்த அன்று நவநீதன் சின்னப்பிள்ளை மாதிரி காரிமங்கலம் கடைவீதியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

தொழில் நடந்தது. ஓடியது என்று சொல்ல முடியாது, நடந்தது. மோட்டார் மாட்டினால் கூப்பிடுவார்கள். குழாய் உடைந்தால் கூப்பிடுவார்கள். உள்ளே அவர் என்னென்னவோ பார்த்திருக்கிறார். எவர்சில்வர் டம்ளர், ஒற்றைச் செருப்பு, முப்பதடி ஆழத்தில் கல் இடுக்கில் குடும்பம் நடத்திய தவளை. அந்தத் தவளை எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று அவர் மூன்று நாள் யோசித்தார். வேலை முடிந்ததும் மூடியில்லாத குழிக்கு இரும்பு மூடி ஒன்று போட்டுவிட்டுத்தான் வருவார். அதற்குக் காசு கேட்க மாட்டார்.

இப்படி இருக்கையில்தான் மாதப்பன் நிலத்தில் அவர் விழுந்தார்.

மாதப்பன் காரிமங்கலத்துக்கு வெளியே நிலக்கடலை போடுகிற விவசாயி. அவர் போர்வெல்லில் வேலை முடித்து, உழுத மண்ணில் ஆட்டோவை நோக்கி நடக்கும்போது நவநீதனின் செயற்கை முழங்கால் திடீரென்று மடங்கிவிட்டது. ஸ்பிரிங் தேய்ந்து கொஞ்ச நாளாகவே அப்படித்தான். சேலம் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஆறு மாதத்தை ஓட்டியிருந்தார். மாதப்பன் தூக்கிவிட்டார், மண்ணைத் தட்டிவிட்டார், மோர் கொடுத்தார். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

அடுத்த வாரம் அதே நிலத்துக்குப் புதிதாக போர் போட ரிக் வண்டி வந்தது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தண்ணீர் என்று ஒருவர் பாயிண்ட் குறித்துக் கொடுத்திருந்தார். அங்கே எண்ணூறு அடிக்கும் புழுதிதான் பறந்தது. வண்டிக்காரன் கிளம்ப அவசரப்பட்டான். மாதப்பனுக்கு ஆத்திரம். "அந்த மிலிட்டரிக்காரரு விழுந்தாரே, அங்க போடுங்கப்பா. போறது போகட்டும்" என்றார். முந்நூறு அடியில் தண்ணீர் மர உயரத்துக்கு எழும்பியது.

அதற்குப் பிறகு யாருக்கு வேண்டும் கேமரா? "சும்மா ஒரு சுத்து நடந்து வாங்க சார்" என்று நாலாபுறமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டில் பணம் வைத்து, துண்டு போர்த்தி அழைத்துப்போனார்கள். ஆரம்பத்தில் நவநீதனும் போனார், அதை மறைப்பானேன். நானாக எதுவும் சொல்லவில்லை, நடக்கத்தானே செய்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவர் தடுமாறிய இடத்தில் எல்லாம் கல் வைத்தார்கள். சில இடத்தில் தண்ணீர் வந்தது, பல இடத்தில் வரவில்லை. வந்த செய்தி பஸ் ஏறிப் பொம்மிடி வரைக்கும் போனது. தண்ணீர் வராதவர்கள் தங்கள் நேரத்தை நொந்துகொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஒருவேளை இருக்குமோ? ஈர மண்ணுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஏதாவது தொடர்பு உண்டோ? எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாதே என்று பழக்கப்பட்ட ஆள். அதனால் தட்டிப் பார்த்தார். தண்ணீர் ஓயாமல் கொட்டுகிற மாதப்பனின் புது போர்வெல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கால் கம்பீரமாக நின்றது. ஏரிக்கரையில் நடந்தார், மடங்கவில்லை. ரேஷன் கடை வாசலில் மடங்கியது. அங்கே தண்ணீரும் இல்லை, அன்றைக்குச் சர்க்கரையும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மேடை ஏறும்போது மடங்கி, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கே போர் போடலாமா என்று கோகிலவாணி காதோடு கேட்டாள்.

சிரிப்பு ஒரு நாள் நின்றது. அவர் தடுமாறிய இடத்தில் துளை போட்டு ஏமாந்த ஒரு குடும்பம் ஆடுகளை மொத்தமாகச் சந்தைக்கு ஓட்டி வந்திருப்பதை அவரே பார்த்தார். அவர்கள் அவரைத் திட்டவில்லை. கும்பிட்டார்கள். "எங்க நேரம் சரியில்லீங்க, உங்க கால் என்னாங்க பண்ணும்" என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மறுநாளே சேலம் போய் முழங்காலைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

இது தெரிந்ததும் இளம்பரிதி வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அவன் ரிக் வண்டிகளை ஊருக்குள் அழைத்து வரும் ஏஜென்ட். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று நவநீதனுக்குப் பங்கு பேசிக்கொண்டிருந்தவன்.

"பால் குடுக்கற மாட்ட அடிமாட்டுக்கு வித்த கதையா பண்ணிட்டீங்களே சார்" என்றான். முகத்தில் உண்மையான துக்கம்.

"அது மாடு இல்லப்பா, காலு."

"சனங்க நம்பறாங்கள்ள? நம்பிக்கதான சார் எல்லாம்."

"அப்ப நம்பிக்கையவே கூட்டிட்டுப் போயி நடக்க வெய்யி" என்றார் நவநீதன்.

ஆனால் அதற்குப் பிறகு கேமராவுக்கும் ஆள் வரவில்லை. கால் வித்தை தெரிந்தும் நடக்க மாட்டேன் என்கிற மனிதர் என்று பெயர் கெட்டது. ஆட்டோவுக்குத் தவணை இருந்தது. ஸ்டூல் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று ஒரு சொந்தக்காரர் நினைவுபடுத்தினார். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் ஆட்டோவையும் கேமராவையும் கொடுத்துவிட வேண்டியதுதான். காலை நம்பி வந்த கூட்டத்தில் ஒரே ஒருவராவது, கேமராவில் தன் கண்ணால் பார்ப்பதை நம்பி வர மாட்டாரா என்பதுதான் அவர் ஏக்கம். அதைச் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது வந்தவள்தான் அன்பரசி. பொம்மிடி போகிற வழியில் மலையடிவாரத்து ஊர். அவள் புருஷன் குமார் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. முதல் போர்வெல் பொய்த்ததும் அந்தக் கடனுக்காகப் போனவன். இரண்டாவதுக்காக அங்கேயே இருந்தான். மூன்றாவதில் இரண்டு வருடம் தண்ணீர் வந்தது, அப்புறம் நின்றது, அவனும் வரவில்லை. பழைய கடன் வருகிற தை மாதத்தோடு தீர்கிறது. நாலாவதில் தண்ணீர் வந்துவிட்டால் அவன் ஊரோடு வந்துவிடலாம் என்று அன்பரசி கணக்குப் போட்டிருந்தாள். புதுக் கடனுக்குப் பேசியாகிவிட்டது. நாளை மறுநாள் ரிக் வண்டி வருகிறது. பாயிண்ட் மட்டும்தான் பாக்கி.

"ஒரே ஒரு நடை நடந்து குடுங்கணா" என்றாள்.

"கால ரிப்பேர் பண்ணிட்டேம்மா. இப்ப மடங்காது."

"ரிப்பேர் பண்ணாலும் அதே கால்தானுங்களே?"

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நவநீதனுக்கு வரவில்லை. "நடக்க மாட்டம்மா. ஆனா உன்ற பழைய போருக்குள்ள என்ன இருக்குதுன்னு காட்டறேன். பாத்துட்டு அப்புறம் என்ன வேணா பண்ணிக்க" என்றார். எப்படியாவது அவரை நிலத்தில் இறக்கிவிட்டால் போதும் என்று நினைத்து அவள் சரி என்றாள்.

நிலத்துக்குப் போனபோது, ரிக் வண்டி பேசிக் கொடுத்திருந்த இளம்பரிதி ஏற்கனவே வரப்பில் நின்றிருந்தான். கையில் பாயிண்ட் குறிக்க ஒரு பை நிறையச் சுண்ணாம்புத்தூள்.

"நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம் சார். சும்மா நடங்க. எங்க நிக்கறீங்களோ அங்க நான் போட்டுக்கறேன்" என்றான்.

நவநீதன் சுண்ணாம்புப் பையைப் பார்த்தார். தடுமாறக்கூட வேண்டாம், நின்றாலே போதும் என்கிறானே. இனி இந்த நிலத்தில் அவர் எங்கே கால் வைத்தாலும் அங்கே ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு குழிக்குள் போகும். கொடி நட்டு வைத்த அந்தப் பழைய பாதை அவர் நினைவுக்கு வந்தது. அவர் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. நிலத்தின் குறுக்காக ஓட்டிக்கொண்டு போய், மூன்றாவது போர்வெல்லைச் சுற்றிப் போட்டிருந்த சிமென்ட் மேடையை ஒட்டி நிறுத்தி, மேடையின் மேலேயே காலை வைத்து இறங்கினார்.

இளம்பரிதி கொஞ்ச நேரம் சுண்ணாம்புப் பையோடு மேடையையே பார்த்துக்கொண்டு நின்றான். பழைய குழி மேலேயே பாயிண்ட் போட அவனுக்கும் மனம் வரவில்லை.

கோகிலவாணி முக்காலியை நிறுத்தி, கேமராவை மாட்டி, டிரம்மைத் தயார் செய்தாள். வெயிலில் திரை தெரியாது என்பதால் அதன் மேல் கறுப்புத் துணி ஒன்றைப் போடுவார்கள். தலையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்பரசி துணிக்குக் கிட்டே வந்து நின்றுகொண்டாள். உள்ளே குனியவில்லை.

"பயமா இருக்குதுங்கணா. நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

நவநீதன் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "ஆஸ்பத்திரில என்ற கால் மேல போர்வையப் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. எடுக்கவே வுடல. சரியாப் போயிரும், சரியாப் போயிரும்னே எல்லாருஞ் சொன்னாங்க. எனக்கு உசுரே இல்ல. அப்புறம் ஒரு நர்சம்மா போர்வைய எடுத்துக் காட்டுச்சு. நல்லா அழுதேன். அன்னைக்குத்தான் சோறு எறங்குச்சு."

அன்பரசி அவரையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு துணிக்குள் குனிந்தாள்.

கேமரா இறங்கியது. குழாய் முடிந்து பாறை வந்தது. இருநூறு அடிக்குக் கொஞ்சம் கீழே பாறையில் ஒரு விரிசல், அதிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாக ஒரு நீண்ட தடம். "நிறுத்து வாணி" என்றார் நவநீதன். ஒயர் நின்றது.

"இதான்மா ஊத்து இருந்த எடம். தண்ணி வடிஞ்சு வடிஞ்சு உப்பு படிஞ்சிருக்குது."

"இங்கிருந்துதான் வந்துச்சுங்களா?" அன்பரசியின் விரல் திரையில் அந்த வெள்ளைத் தடத்தைத் தொட்டது. "ரெண்டு வருசம் தக்காளி போட்டோம். இதுலயிருந்துதான் வந்திருக்குது."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பாறை, பாறை, மறுபடி பாறை. அடியில் வெடித்துக் காய்ந்த சேறு. பக்கத்திலிருந்த மற்ற இரண்டு குழிகளையும் அவளே காட்டச் சொன்னாள். அவற்றிலும் அதே ஆழத்தில் மெல்லிய விரிசல், அதே வறட்சி. துணியை விட்டு வெளியே வந்தபோது அவள் முகம் முழுக்க வியர்வை.

"நாலாவதுல வருங்களாண்ணா?"

வரும் என்று சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள். இளம்பரிதி சுண்ணாம்பைப் போடுவான், ஊர் மறுபடி துண்டு போர்த்தும். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை போதும். நவநீதன் திரையைக் கைகாட்டினார்.

"வருமா வராதான்னு எனக்குந் தெரியாது, என்ற காலுக்குந் தெரியாது. ஒரே ஊத்து மூணுலயும் காஞ்சு கெடக்குது, அது கண்ணுல தெரியுது. என்ற நெலமா இருந்தா நான் போட மாட்டேன்."

"பழைய ஓட்டையத்தான சார் கேமரா காட்டும்" என்றான் இளம்பரிதி. "புதுசுக்கு என்ன தெரியும்?"

அன்பரசி செல்போனை எடுத்துப் புருஷனை வீடியோவில் கூப்பிட்டாள். பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் பாதி முடிந்த மாடியில் குமார் நின்றான், பின்னால் கம்பி அறுக்கிற சத்தம். அவள் போனைத் துணிக்குள் நீட்டித் திரையைக் காட்டினாள். கோகிலவாணி அவனுக்காகக் கேமராவை இன்னொரு முறை மெதுவாக இறக்கினாள். அவன் கடைசிவரை பார்த்தான்.

"இதுக்குள்ளயாடி இத்தன வருசம் சம்பளத்தப் போட்டோம்?" என்றான்.

"ஆமா."

அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நாலாவதுக்கும் கடன் வாங்கினா இன்னும் எத்தன வருசம் அங்க கெடப்பியோ" என்றாள் அன்பரசி. "வாங்கலீன்னா தையோட தீந்துருமில்ல? மானாவாரிக்கு ராகி வெதைக்கலாம். ரெண்டு மாடு இருக்குது. நீ வந்துடு. தண்ணி வந்தாத்தான் நீ வருவேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போருதான் உன்ன அங்க புடிச்சு வெச்சிருக்குது."

குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறானா என்று நவநீதன் பார்க்கவில்லை, தலையைத் துணியிலிருந்து எடுத்துவிட்டார். "வண்டி வேண்டாம்னு சொல்லிடு" என்று போனில் குரல் மட்டும் கேட்டது. சொல்வதற்கு இளம்பரிதியைத் தேடினால், அவன் சுண்ணாம்புப் பையோடு பாதி வரப்புக்குப் போயிருந்தான்.

கோகிலவாணி ஒயரைச் சுற்றினாள். நவநீதன் ஆட்டோவிலிருந்து இரும்பு மூடிகளை எடுத்து மூன்று குழிக்கும் போட்டு, கல் வைத்து இறுக்கினார். இப்போது அவர் நிலத்தில் தாராளமாக நடந்தார், குறித்துக்கொள்ள யாரும் இல்லை. கிளம்பும்போது அன்பரசி பணத்தை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. தண்ணி இல்லன்னு சொல்லிட்டு, அதுக்குக் காசு எப்பிடி வாங்கறது?"

"தேங்காய வெச்சுப் பாத்தவரு இருக்குதுன்னாரு, குடுத்தேன். குச்சி புடிச்சவரு இருக்குதுன்னாரு, குடுத்தேன். ஜாதகம் பாத்தவரும் இருக்குதுன்னாரு, அவருக்குங் குடுத்தேன்" என்றாள் அன்பரசி. "இருக்குதுன்னு சொன்ன அத்தன பேருக்கும் குடுத்தேனுங்கணா. இல்லன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். உங்களுக்குக் குடுக்கலன்னா எப்பிடிங்க?"

நவநீதன் கையில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.